ஆசானின் இருக்கை ஓர் அமானத்

கல்வியைத் தேடி மாணவன் ஊர்விட்டு ஊர் செல்வதை உலகம் வியந்து போற்றுகிறது. கல்வியைச் சுமந்துகொண்டு ஆசிரியன் நாடுவிட்டு நாடு செல்வதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவாரில்லை. மாணவன் முஸாஃபிராக வந்தால் அவனுக்கு இடமும் கொடுக்கிறோம், இரக்கமும் காட்டுகிறோம். ஆசிரியன் முஸாஃபிராக வந்தால் அவனிடம் கிதாபை மட்டும் எதிர்பார்க்கிறோம். அவனுக்கும் ஒரு தாய்மொழி உண்டு, விட்டுவந்த வீடு உண்டு, இரவில் தனித்திருக்கும்போது நெஞ்சை அழுத்தும் நினைவுகள் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

அயல் நாட்டில் சென்று உயர்கல்வி புகட்டும் பேராசிரியன் யாருக்கு உரியவன்? அவனைப் பெற்று வளர்த்த மண்ணுக்கா? சோறும் சம்பளமும் தந்து இருத்திக்கொண்ட மண்ணுக்கா? அல்லது எந்த மண்ணுக்கும் கட்டுப்படாத இல்முக்கு மட்டுமா? அவன் அமரும் இருக்கை அவனுக்கு உரிமையா, கூலியா, அல்லது வேறொன்றா? அவனை வரவேற்கும் நாட்டுக்கு உள்ள கடமைகள் யாவை? இவ்வினாக்களை நாம் நெடுநாளாக எண்ணி வந்திருக்கிறோம். எண்ணுவதற்கு நமக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதைப் பின்னர் கூறுவோம்.

கெய்ரோவில் ஒரு மக்ரிபி

நமது கல்வி வரலாற்றில் இவ்வினா புதியதன்று. தூஸ் நகரத்தில் பிறந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1091-ஆம் ஆண்டில் பக்தாதின் நிளாமிய்யாவில் பேராசிரியராக அமர்ந்தார்; 1095-ஆம் ஆண்டில் அந்த உயர்ந்த பதவியைத் துறந்து வெளியேறினார். அவருக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் பிந்தி வாழ்ந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் வாழ்வு நம் வினாவுக்கு இன்னும் நெருக்கமானது.

1332-ஆம் ஆண்டில் தூனிஸில் பிறந்த அப்பெருமகனார், ஐம்பது வயதில், 1382-ஆம் ஆண்டின் இறுதியில் இஸ்கந்தரிய்யாவில் கரையிறங்கினார். ஹஜ்ஜுக்குச் செல்வதாகச் சொல்லியே தூனிஸை விட்டுப் புறப்பட்டார். கெய்ரோவை அடைந்ததும் அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார். 1384-ஆம் ஆண்டில் சுல்தான் பர்கூக் அவரை கம்ஹிய்யா மத்ரஸாவின் ஆசிரியராகவும், பின்னர் மாலிகி மத்ஹபின் தலைமைக் காழியாகவும் நியமித்தார். வந்த இரண்டே ஆண்டுகளில் இத்தனை சிறப்பு! உள்ளூர் ஆலிம்களுள் சிலருக்கு அது கண்ணில் விழுந்த மணலாயிற்று. அவரோ எகிப்திய நீதிபதிகளின் உடையை ஏற்காமல் தம் மக்ரிப் நாட்டு ஆடையையே உடுத்தி வந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். அதுவும் ஒரு குற்றச்சாட்டாயிற்று.

அவருடைய குடும்பத்தைத் தூனிஸ் சுல்தான் நிறுத்தி வைத்திருந்தார். பர்கூக் பரிந்துரைக் கடிதம் அனுப்பிய பின்னரே அவர்கள் கப்பலேற அனுமதி கிடைத்தது. அதே 1384-ஆம் ஆண்டில், கரையை நெருங்கும் வேளையில், அக்கப்பல் புயலில் சிக்கிக் கடலில் மூழ்கியது. பதவியைத் தந்த நாட்டின் வாசலிலேயே குடும்பத்தைப் பறிகொடுத்தார் அம்மேதை. ஆயினும் 1406-ஆம் ஆண்டில் இறக்கும் வரை எகிப்தையே இருப்பிடமாகக் கொண்டார். ஆறு முறை காழியாக நியமிக்கப்பட்டார். மீண்டும் மீண்டும் நீக்கவும்பட்டார். நாகரிகங்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆய்ந்த அந்த அறிஞர், அயலானாக வாழ்வதன் உயர்வையும் தாழ்வையும் தம் மேனியிலேயே பட்டறிந்தார் எனலாம்.

அயல் ஆசிரியனுக்கு நேரும் யாவும் இந்த ஒரு வாழ்வில் அடங்கியிருக்கின்றன. விரைவான வரவேற்பு, உள்ளூராரின் பொறாமை, மொழியிலும் உடையிலும் வேறுபாடு, பிரிந்த குடும்பம், நிலையற்ற பதவி ஆகிய ஐந்தும் ஆறு நூற்றாண்டுகள் கழிந்தும் மாறவில்லை. இதற்குச் சான்றாக இன்னொரு முஸ்லிம் நாட்டின் தலைநகராய் விளங்கிய இஸ்தான்புலுக்குச் செல்வோம்.

1933-ஆம் ஆண்டின் இஸ்தான்புல்

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி ஒரு சட்டம் இயற்றியது. யூதர்களும், ஆட்சிக்கு ஒவ்வாத கருத்துடையோரும் அரசுப் பணிகளிலிருந்து நீக்கப்பட்டனர். ஜெர்மனியின் பல்கலைக்கழகங்கள் அரசு நிறுவனங்களாதலால், நேற்று வரை பேராசிரியராக இருந்தவர் இன்று வீதியில் நின்றார். பிராங்க்பர்ட்டில் நோய்க்கூற்றியல் பேராசிரியராக இருந்த பிலிப் ஷ்வார்ட்ஸ் என்பவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குத் தப்பிச் சென்று, வேலையிழந்த அறிஞர்களுக்கு வெளிநாடுகளில் இடம் தேடும் சங்கமொன்றை அமைத்தார்.

அதே வேளையில் துருக்கி தன் உயர்கல்வியைச் சீரமைக்க முற்பட்டிருந்தது. ஜெனீவா நகரின் கல்வியியல் அறிஞர் ஆல்பர்ட் மால்ஷ் 1932-ஆம் ஆண்டில் அழைக்கப்பட்டு அறிக்கை அளித்திருந்தார். 1933 ஜூலை 6-ஆம் நாள் அங்காராவில் கல்வி அமைச்சர் ரஷீத் காலிப் தலைமையில் ஒரு கூட்டம் நடைபெற்றது. இன்ன பாடத்துக்கு ஒரு பேராசிரியரைத் தர முடியுமா என்று அமைச்சர் தரப்பு கேட்கக் கேட்க, ஷ்வார்ட்ஸ் தம்மிடமிருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிவந்தார். பல மணி நேரம் நீடித்த அக்கூட்டம் முடிந்தபோது, ஏறக்குறைய முப்பது பேருக்கு வாழ்வு கிடைத்திருந்தது. 1453-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் வெற்றிகொள்ளப்பட்டபோது அங்கிருந்து இத்தாலிக்குச் சென்ற கிரேக்க அறிஞர்களை அமைச்சர் அன்று நினைவுகூர்ந்ததாகவும், அன்று மேற்கே சென்ற அறிவு இன்று திரும்பி வருகிறது என்ற பொருளில் பேசியதாகவும் ஷ்வார்ட்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

ஜூலை 31-ஆம் நாள் பழைய தாருல்ஃபுனூன் மூடப்பட்டது. மறுநாள் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் பிறந்தது. அவ்வுடன்பாட்டைச் செய்த அமைச்சர் அடுத்த சில நாட்களிலேயே பதவி விலகினார். எட்டு மாதத்துக்குள் இறந்தும் போனார். ஆனால் அவர் திறந்த கதவு உடனே மூடிவிடவில்லை. வேதியியலுக்கு ஆர்ன்ட், மெய்யியலுக்கு ரைஷன்பாக், கணிதத்துக்கு ஃபான் மீஸஸ், பொருளியலுக்கு நாய்மார்க், வணிகச் சட்டத்துக்கு ஹிர்ஷ் என்று ஐரோப்பா தூக்கி எறிந்த மாணிக்கங்களைத் துருக்கி பொறுக்கி எடுத்துக்கொண்டது. பல் மருத்துவப் பேராசிரியர் கான்டோரோவிச் சிறை முகாமில் அடைபட்டிருந்தார். இஸ்தான்புலில் கிடைத்த பேராசிரியர் பதவியே அவருடைய விடுதலைக்கு வழியாயிற்று.

மொழி என்னும் முதற்கடன்

வந்தவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கருத்தூன்றத்தக்க நிபந்தனை ஒன்று இருந்தது. முதல் மூன்று ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாடம் நடத்தலாம். அதன்பின் துருக்கி மொழியிலேயே போதிக்க வேண்டும். பாடநூல்களும் எழுத வேண்டும். வகுப்பிலே பேராசிரியர் ஜெர்மன் மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். அருகில் நிற்கும் இளம் ஆசிரியர் அதைத் துருக்கியில் சொல்வார். மாணவர் எழுதிக்கொள்வர். பேராசிரியருக்குத் தம் சொல் சரியாகச் சேர்ந்ததா என்று தெரியாது. மாணவருக்கோ தாம் கேட்பது யாருடைய சொல் என்று தெரியாது.

இந்நிபந்தனையைப் பலர் சுமையாகக் கருதினர். கடைசி வரை துருக்கி மொழியில் பாடம் சொல்லாதவர்களும் உண்டு. ஆனால் 31 வயதில் வந்த எர்ன்ஸ்ட் ஹிர்ஷ் அதைக் கடனாக ஏற்றார். மொழியைக் கசடறக் கற்றுத் துருக்கியிலேயே விரிவுரையாற்றினார். சிதறிக்கிடந்த சட்ட நூல்களை ஒழுங்குபடுத்தி நூலகம் அமைத்தார். 1943-ஆம் ஆண்டில் துருக்கியின் குடிமகனானார். அந்நாட்டின் வணிகச் சட்டத்தை வரைந்ததில் தலையாய பங்கு அவருடையது. 1956-ஆம் ஆண்டில் நிறைவேறிய அச்சட்டம் 2012-ஆம் ஆண்டு வரை நடப்பில் இருந்தது. அகதியாய் வந்தவர் எழுதிய சட்டத்தின்படி அந்நாட்டு வணிகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள்!

இங்கே நம் வாழ்வில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். நாற்பதாண்டுகளுக்கு முன் நாம் ஓதிய மதரஸாவுக்கு மலபாரிலிருந்து ஓர் உஸ்தாத் வந்து சேர்ந்தார். நஹ்விலும் மன்திக்கிலும் கரைகண்டவர். தமிழோ அவருக்கு அரைகுறை. வந்த மறுநாள் வகுப்பில் தாகமெடுத்து, “கொஞ்சம் வெள்ளம் கொண்டுவா மோனே” என்றார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்பதை நாம் அறியோம். எங்களுள் ஒருவன் எழுந்து, “ஆற்றில் வந்த பிறகு சொல்லி அனுப்புகிறோம் ஹஜ்ரத்” என்றான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். அவர் சினம் கொள்ளவில்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, “உங்க பாஷையிலே நான் பிழை விடுறேன், கிதாபிலே நீங்க பிழை விடுறீங்க. நான் உங்களைத் திருத்துறேன், நீங்க என்னைத் திருத்துங்க. ரெண்டு பேருக்கும் கூலி சமம்” என்றார்.

அன்று முதல் பாடம் முடிந்ததும் பத்துத் தமிழ்ச் சொற்களை எங்களிடம் கேட்டு எழுதிக்கொள்வார். மறுநாள் ஒப்பிப்பார். பிழையிருந்தால் நாங்கள் திருத்துவோம். ஆசிரியரைத் திருத்தும் பொறுப்பு வந்ததும், எங்கள் தமிழ் எவ்வளவு குறையுடையது என்பது எங்களுக்கே தெரிந்தது. நாம் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியது அந்த மலபார் உஸ்தாதின் பொருட்டுத்தான் என்றால் நம்புவீர்களா?

ஆகவே மொழியைக் கற்பதென்பது அயல் ஆசிரியன் புரவலருக்குச் செலுத்தும் வரி மட்டுமன்று. கற்பிப்பவன் கற்பவனாகத் தாழ்ந்து நிற்கும் அந்தப் பணிவிலேதான் இருக்கை அவனுக்கு ஹலாலாகிறது. கொடுப்பவன் நான், வாங்குபவன் நீ என்ற செருக்கோடு இருப்பவன், எத்தனை பெரிய மேதையாயினும், கடைசி வரை மொழிபெயர்ப்பாளரின் தோளில் கைவைத்து நடக்கும் வழிப்போக்கனே ஆவான்.

அது யாருடைய இருக்கை?

இதுவரை சொன்னது வரலாற்றின் ஒளிமிகுந்த பக்கம். அதன் மறுபக்கத்தையும் புரட்டினாலன்றி நீதி நிறைவேறாது.

தாருல்ஃபுனூன் மூடப்பட்டபோது அங்குப் பணியாற்றிய ஏறக்குறைய 240 ஆசிரியருள் 150-க்கும் மேற்பட்டோர் புதிய பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்படவில்லை. அவர்களுள் திறமை குன்றியோர் இருந்திருக்கலாம். திறமைசாலிகளும் இருந்தனர். பக்தாதில் பிறந்து, இஸ்தான்புலில் மெய்யியலும் தர்க்கமும் ஒழுக்கவியலும் போதித்து, ஸஹீஹுல் புகாரியின் சுருக்கத்தைத் துருக்கி மொழியில் பெயர்த்து விளக்கும் பெரும்பணியைத் தொடங்கிய பாபான்ஸாதா அஹ்மத் நயீம் அவர்களும் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 1934-இல், அவர் மறைந்தார். ஜெர்மனியில் சட்டத்தால் வீதிக்கு வந்த அறிஞரை ஏற்றுக்கொண்ட அதே மாதங்களில், துருக்கி தன் அறிஞர்களை வீதிக்கு அனுப்பியது. வந்தவர்களுக்கோ உள்ளூர்ப் பேராசிரியர்கள் கனவு காண முடியாத சம்பளம். எஞ்சியிருந்த உள்ளூராரின் மனம் புண்பட்டதில் வியப்பென்ன?

இங்கே கடினமான வினா எழுகிறது. உயிர் பிழைக்க ஓடிவந்தவன், தனக்குக் கொடுக்கப்பட்ட நாற்காலியில் நேற்று அமர்ந்திருந்தவர் யார் என்று கேட்கக் கடமைப்பட்டவனா? ‘நீக்கியது அரசு, வந்தவன் செய்த குற்றமென்ன?’ என்பர் சிலர். அது உண்மையே. பிறருடைய அநீதிக்கு அதன் பயனைத் தற்செயலாகப் பெற்றவனைக் குற்றவாளியாக்குவது முறையன்று. ஆனால் குற்றமில்லை என்பதும் கடமையில்லை என்பதும் ஒன்றாகிவிடா. வழியில் கண்டெடுத்த பொருளை எடுத்தவன் திருடனல்லன். உரியவர் யார் என்று விசாரிக்கும் பொறுப்பு அவன்மீது உண்டு என்பதை நம் ஃபிக்ஹு நூல்களை ஓதிய சிறு மாணவனும் அறிவான்.

எங்கள் மலபார் உஸ்தாத் வந்ததும் ஒரு காலி இடத்துக்குத்தான். அவ்விடம் தானாகக் காலியானதன்று. உள்ளூரைச் சேர்ந்த வயது முதிர்ந்த ஹஜ்ரத் ஒருவர் முப்பதாண்டு காலம் அங்கே ஓதிக்கொடுத்தவர். பார்வை மங்கியதென்றும், பழைய முறையில் கற்பிக்கிறாரென்றும் சொல்லி நிர்வாகத்தினர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். மதரஸாவின் எதிர்த்தெருவில் தம் வீட்டுத் திண்ணையில் அவர் அமர்ந்திருப்பார். புதிய பாடத்தின் கவர்ச்சியில் மயங்கிய நாங்கள், அவ்வழியே போகும்போது ஸலாம் சொல்லக்கூட நேரமின்றி விரைந்தோம். இதை எழுதும்போதும் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

மலபார் உஸ்தாதுக்குச் செய்தி தெரிய ஒரு மாதமாயிற்று. தெரிந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கிதாபொன்றைக் கையில் ஏந்தி அந்தத் திண்ணைக்குச் சென்றார். படியிலே அமர்ந்து, “ஹஜ்ரத், இந்த இபாரத் எனக்குத் தெளிவாகவில்லை. நீங்கள் ஓதித் தர வேண்டும்” என்றார். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் நினைவிலிருந்தே அவ்விடத்தை விளக்கத் தொடங்கினார். அவ்வாறே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், முதியவர் மறையும் வரை நடந்தது. உஸ்தாதுக்கு உண்மையிலேயே அந்த இபாரத் விளங்கவில்லையா என்று நாம் ஒருமுறை கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. “நாளைப் பாடத்தைப் பார்த்து வா” என்றார்.

இருக்கையைத் திருப்பிக் கொடுக்க அவரால் இயலாது. கொடுத்தாலும் நிர்வாகம் முதியவரை அமர்த்தப் போவதில்லை. இயன்றதொன்று உண்டு. முன்பு அங்கிருந்தவரின் மதிப்பை அவரிடமே சேர்ப்பித்தார். வந்தவன் போனவரை மறக்காதிருந்தால், நாற்காலி கைமாறினாலும் கல்வியின் சங்கிலி அறுபடாது. துருக்கியில் வேறொரு சங்கிலியும் அறுந்திருந்தது. 1928-ஆம் ஆண்டில் அரபு எழுத்து விலக்கப்பட்டு இலத்தீன் எழுத்து வந்தது. அடுத்த தலைமுறை மாணவருக்குத் தம் பாட்டன் எழுதிய நூலைப் படிக்க இயலாமற் போயிற்று. வீட்டுப் பரணில் அரபுத்தமிழ் ஏடுகளை வைத்துக்கொண்டு வாசிக்க ஆளில்லாமல் தவிக்கும் நம் குடும்பங்களுக்கு அத்துயரை விளக்க வேண்டுவதில்லை.

கலைக்குக் கதவு, உயிருக்குத் தாழ்

இனிப் புரவலரின் கடமையைப் பார்ப்போம். அறிஞரை வரவேற்றது விருந்தோம்பலா, வாணிகமா?

1933 செப்டம்பரில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் துருக்கியப் பிரதமர் இஸ்மத் பாஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மனியிலிருந்து மேலும் நாற்பது பேராசிரியர்களும் மருத்துவர்களும் வந்து ஓராண்டு ஊதியமின்றியே பணியாற்ற அனுமதிக்குமாறு அதில் வேண்டியிருந்தார். நாற்பதுக்கு மேற்பட்டோரோடு முன்னரே ஒப்பந்தம் செய்தாயிற்று என்று கூறிப் பிரதமர் மறுத்துவிட்டார். தேவைப்பட்ட அளவுக்கு அறிஞர் வந்தாயிற்று. இனிக் கதவு வேண்டா என்பதே அதன் பொருள்.

ஆண்டுகள் சென்றன. 1941 டிசம்பர் 15-ஆம் நாள் ருமேனியாவிலிருந்து யூத அகதிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ட்ரூமா என்ற பழங்கப்பல் இஸ்தான்புலை அடைந்தது. பாலஸ்தீனத்துக்குச் செல்லப் பிரிட்டன் அனுமதி தரவில்லை. கரையிறங்கத் துருக்கி அனுமதி தரவில்லை. நகரத்தின் கண்ணெதிரே இரண்டு மாதங்களுக்கு மேல் அக்கப்பல் நின்றது. 1942 பிப்ரவரி 23-ஆம் நாள் அதைக் கருங்கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டனர். மறுநாள் சோவியத் நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலில் அது மூழ்கியது. மாண்டோர் 760-க்கும் மேற்பட்டோர், பிழைத்தவர் ஒருவரே.

அதே நகரத்தில், அதே ஆண்டு மே மாதத்தில், மார்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு 1936-இல் இஸ்தான்புல் வந்த எரிக் அவர்பாக் என்ற பேராசிரியர், ‘மிமெஸிஸ்’ என்ற தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். மேலை இலக்கியம் வாழ்க்கையின் மெய்ம்மையை எவ்வாறு காட்டியது என்பதை ஆராயும் அந்நூலை 1945 ஏப்ரலில் முடித்தார். வேண்டிய நூல்களெல்லாம் கிடைத்திருந்தால் இதை எழுதியே இருக்கமாட்டேன் என்ற கருத்தை அவர் முடிவுரையில் குறிப்பிட்டுள்ளார். ஒரே கடற்கரை. ஒரே இனத்தவர். பேராசிரியருக்கு மேசையும் விளக்கும் கிடைத்தன; கப்பலில் இருந்தோருக்குக் காலூன்றக் கரை கிடைக்கவில்லை. இருவருக்கும் வேறுபாடென்ன? ஒருவரிடம் நாட்டுக்கு வேண்டிய கலை இருந்தது. மற்றவரிடம் உயிர் மட்டுமே இருந்தது.

‘ஏழை நாடு, போர்க்காலம், நாலாபுறமும் நெருக்கடி. எல்லாரையும் ஏற்க இயலுமா?’ என்று கேட்பது நியாயமே. ஒரு நாடு யாருக்கு வேலை கொடுப்பதென்று தேர்ந்தெடுக்கலாம். பல்கலைக்கழகத்தில் தகுதி பாராமல் எவரையும் அமர்த்த முடியாது. ஆனால் நீரில் மூழ்குபவன் கேட்பது பதவியன்று. அவன் கையைப் பற்றுமுன் அவனுடைய பட்டங்களைக் கேட்பவன், மனிதனைக் கருவியாக எண்ணிவிட்டான். பயனுக்காக ஏற்பது ஒப்பந்தம். உயிருக்காக ஏற்பதே அடைக்கலம். ஒப்பந்தத்தை அடைக்கலமென்று பெயரிட்டுப் பெருமை கொள்ளும்போதுதான் பொய் நுழைகிறது. மேலும், பயனுக்காக ஏற்கப்பட்டவன் பயன் தீர்ந்த அன்று என்னாவான்? அதனால்தான் ஒப்பந்தத்தில் வாழும் அறிஞனின் நெஞ்சில் அச்சம் நீங்குவதில்லை. ஜெர்மனி குடியுரிமையைப் பறித்தபின் அப்பேராசிரியர்களின் தாள்களில் துருக்கிய அதிகாரிகள் ‘ஹைமத்லோஸ்’ என்று குறித்தனர். வீடற்றவன், நாடற்றவன் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அது. பேராசிரியர்கள் துருக்கி மொழிக்கு எத்தனையோ கலைச்சொற்களைத் தந்தார்கள். தம் துயரத்தின் பெயரையும் அம்மொழிக்குள் விட்டுச் சென்றார்கள்.

போனவரும் இருந்தவரும்

இன்னொரு வினா எஞ்சியுள்ளது. இடுக்கண் வந்தபோது இடமளித்த நாட்டை, வசதி வந்ததும் விட்டுச் செல்வது நன்றிகேடா? மொழியியல் அறிஞர் ஷ்பிட்சர் 1936-இலும், ரைஷன்பாக் 1938-இலும், ஃபான் மீஸஸ் 1939-இலும், அவர்பாக் 1947-இலும் அமெரிக்காவுக்குச் சென்றனர். போருக்குப் பின் ஹிர்ஷும் 1952-இல் பெர்லினுக்குத் திரும்பினார். குழந்தை மருத்துவர் எக்ஸ்டைன் அங்காராவில் 1935 முதல் 1950 வரை பணியாற்றினார். அனடோலியாவின் சிற்றூர்களுக்கெல்லாம் சென்று குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்று ஆய்ந்த அவரும் கடைசியில் ஜெர்மனி திரும்பினார். விலங்கியலார் கொஸ்விக் 1937 முதல் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் இஸ்தான்புலில் கற்பித்து, மன்யாஸ் ஏரியின் பறவைகளைக் காக்க வழிசெய்தார். ஹாம்பர்க் சென்று 1982-இல் அங்கே இறந்தாலும், அவருடைய உடல் இஸ்தான்புலிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

போனவர்களை நாம் பழிக்கமாட்டோம். நன்றி என்பது காலில் பூட்டும் விலங்கன்று. ஹிர்ஷ் போனார், சட்டமும் நூலகமும் நின்றன. எக்ஸ்டைன் போனார், அவரிடம் பயின்ற துருக்கிய மருத்துவர்கள் நின்றனர். இருக்கை ஓர் அமானத் என்றால், அதை ஒப்படைத்துச் செல்வது குற்றமன்று. ஒப்படைக்காமல் செல்வதே குற்றம். தாம் இல்லாதபோதும் தம் பாடம் நடக்கும்படி ஒரு மாணவனை உருவாக்கிவிட்டுப் போனவர் கணக்கைத் தீர்த்தவர். முப்பதாண்டு அங்கேயே இருந்தும் தமக்குப் பின் ஒருவரும் இல்லாதபடி வைத்தவர் கடன்காரர்.

சக்கரம் சுழன்றது

காலம் என்னும் ஆசிரியன் இறுதியில் ஒரு பாடம் வைத்திருந்தான். 2015-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை, ஆபத்துக்குள்ளான அறிஞர்களுக்கு ஜெர்மனியில் இடமளிக்கும் திட்டமொன்றை அறிவித்தது. அதற்கு வைத்த பெயர் பிலிப் ஷ்வார்ட்ஸ் திட்டம். 2016 ஜனவரியில் துருக்கியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் அமைதி வேண்டி ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். அவர்களுள் பலர் வழக்குகளையும் பணி நீக்கத்தையும் சந்தித்தனர். நாட்டைவிட்டு வெளியேறியோருள் சிலர் அடைந்த இடம் ஜெர்மனி. அவர்களுக்குக் கைகொடுத்தது ஷ்வார்ட்ஸின் பெயர் தாங்கிய அதே திட்டம். சிரியாவின் அறிஞர்களும் அதன் வழியே இடம் பெற்றனர். விரட்டிய நாடு அடைக்கலம் தந்தது; அடைக்கலம் தந்த நாட்டிலிருந்து ஆசிரியர்கள் வெளியேறினர். எந்த நாடும் ‘நாங்கள் எப்போதும் புரவலர்’ என்று மார்தட்ட இயலாது. எந்த ஆசிரியனும் ‘நான் என்றும் உள்ளூரான்’ என்று இறுமாந்திருக்க இயலாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று ஓமானிலும் சவூதியிலும் வேறு பல நாடுகளிலும் கல்லூரி ஆசிரியர்களாக இருக்கின்றனர். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் அவர்களுடைய வாழ்வு தொங்குகிறது. தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தைக் கேட்கும் நாம், ‘அங்கே யாரிடமாவது மனம்விட்டுப் பேசுகிறாயா வாப்பா?’ என்று ஒருமுறையேனும் கேட்போமாக. நீ அமர்ந்திருக்கும் இடத்தில் உனக்கு முன் இருந்தவர் யாரென்று விசாரித்தாயா என்றும் கேட்போமாக. நம் ஊர்க் கல்லூரிக்கும் மதரஸாவுக்கும் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தால், அவருடைய உச்சரிப்பைக் கண்டு நம் பிள்ளைகள் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரியாதிருப்போமாக.

மலபார் உஸ்தாத் ஒன்பது ஆண்டுகள் எங்களூரில் இருந்தார். தாயார் நோயுற்ற செய்தி வந்தது, ஊர் திரும்பினார். புறப்படும் அன்று, பத்துப் பத்தாக எழுதிச் சேர்த்த தமிழ்ச் சொற்கள் நிறைந்த நோட்டுப் புத்தகத்தை நம் கையில் கொடுத்தார். “இது உங்களுடைய பொருள். என்னிடம் இருந்தது” என்றார். அதன் முதற்பக்கத்தில், அரபு எழுத்திலும் தமிழ் எழுத்திலுமாக, முதற்சொல் எழுதியிருந்தது: தண்ணீர்.

அவர் விட்டுச் சென்ற வகுப்பில்தான் நாம் இன்று ஓதிக்கொடுத்து வருகிறோம்.